தயிருக்கு நிதானம், பன்னீருக்கு அவசரம்

அரிசிக் குக்கரில் தயிர் உறைய வைக்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, உறை ஊற்றிய பாலை ஓர் இரவு முழுக்க அதன் ‘வார்ம்’ நிலையில் வைத்தேன். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “உசுரோட இருக்கிறதச் சூட்டுல போட்டு அவிச்சிட்டு, உறையலன்னா எப்படிம்மா?” என்றார். அவர் வேதியியல் படித்தவரில்லை, ஆனால் சொன்னது சரி. குக்கரின் அந்த நிலை சோற்றை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்திருக்கும். சோற்றில் கிருமி பெருகக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சூடு. தயிருக்கோ கிருமி பெருகினால்தான் வேலை நடக்கும்.

பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர். புரதம் சுமார் 3.3 விழுக்காடு. அந்தப் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அது ஆயிரக்கணக்கில் கூடி, கால்சியம் பாஸ்பேட்டைப் பசையாக வைத்துக்கொண்டு, நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் அப்படிப்பட்ட உருண்டைகள் ஆறாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கலாம். பால் வெள்ளையாகத் தெரிவதே இவையும் கொழுப்புத் துளிகளும் ஒளியைச் சிதறடிப்பதால்தான். ஒவ்வோர் உருண்டையின் மேலும் மயிரிழை போல ஒரு வகைக் கேசின் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. எல்லா உருண்டைக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று நெருங்க விடுவதில்லை. இந்த விலகல் நீடிக்கும்வரை பால் பாலாக இருக்கும்.

அதை உடைப்பது புளிப்பு. தயிரிலும் அதே புளிப்புத்தான், பன்னீரிலும் அதே புளிப்புத்தான். வேகம் மட்டும் வேறு.

தயிரில் புளிப்பு உள்ளிருந்தே வருகிறது. உறைமோரில் இருக்கும் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோசைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. கடைத் தயிரில் பெரும்பாலும் இரண்டு பேர் கூட்டாளிகள்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபாசிலஸ் பல்கேரிகஸ். இரண்டாமவரை 1905இல் ஜெனீவாவில் அடையாளம் கண்டவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர். பெயரில் பல்கேரியா வந்தது அப்படித்தான். பல்கேரிகஸ் புரதத்தை உடைத்துக் கொடுக்கும் துணுக்குகளில் தெர்மோபிலஸ் வளர்கிறது. பதிலுக்கு அது ஃபார்மிக் அமிலம் கொடுத்துப் பல்கேரிகசை வளர்க்கிறது. தனித்தனியாக விட்டால் இருவருமே மந்தம்.

புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு, பாலில் தொடக்கத்தில் 6.7 வாக்கில் இருக்கும். அமிலம் கூடக்கூட அது இறங்கும், உருண்டைகளின் மின்னூட்டம் தேயும், உள்ளே பசையாக இருந்த கால்சியம் கரைந்து வெளியேறும். 4.6ஐ நெருங்கும்போது விலகிச்செல்லும் விசையே இல்லாமல் போய், உருண்டைகள் சங்கிலி சங்கிலியாகக் கைகோத்து வலை பின்னிவிடும். இது மணிக்கணக்கில், பாத்திரத்தின் எல்லா மூலையிலும் ஒரே சீராக நடப்பதால் தண்ணீர் முழுவதும் வலைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கெட்டித் தயிரிலும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான், ஆனால் கரண்டியை நட்டால் நிற்கிறது. உறையும்போது பாத்திரத்தை ஆட்டாதே என்று வீட்டில் அதட்டுவது இந்த வலை அறுந்துபோகும் என்பதால்தான்.

இந்தக் கூட்டாளிகளுக்குப் பிடித்த சூடு 40 முதல் 45 டிகிரி. வெப்பமானி வாங்க வேண்டாம், விரலே போதும். நம் தோலின் நரம்பு முனைகளில், ஏறத்தாழ 43 டிகிரியில் திறந்து ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்லும் ஓர் ஏற்பி உண்டு. மிளகாயின் காரத்தை உணர்வதும் அதே ஏற்பிதான். அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுண்டு விரலை விட்டு ‘பொறுக்கிற சூடு’ வந்ததும் உறை ஊற்றும் பாட்டிகள் அந்த ஏற்பியைத்தான் காலங்காலமாக வெப்பமானியாக வைத்திருந்தார்கள்.

அதன்பின் சிங்கப்பூர் தானே பார்த்துக்கொள்ளும். பகலில் 31, 32 டிகிரி, இரவிலும் 25க்குக் கீழே அதிகம் இறங்காத ஊர் இது. ஐரோப்பியர்கள் மின்சாரப் பெட்டி வாங்கிச் செய்வதை நாம் சமையல் மேடையில் மூடி வைத்தே செய்யலாம்; ஆறிலிருந்து எட்டு மணி நேரம். டிசம்பர் மழையில் இன்னும் இரண்டு மணி நேரம் பிடிக்கும். குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்துவிட்டு உறைமோரைக் குறை சொல்லக்கூடாது. தெர்மல் பானை இருந்தால் அதில் வையுங்கள்.

“அட்டைப் பெட்டியில் வருவதே காய்ச்சிய பால்தானே, மறுபடி எதற்குக் காய்ச்சுவது?” என்று கேட்பார்கள். பேரங்காடியின் குளிரூட்டிய பாலைப் பொதுவாக 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவார்கள். நோய்க்கிருமிக்கு அது போதும்; கெட்டித் தயிருக்குப் போதாது. கேசினுக்கு வெளியே மிதக்கும் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம், 80 டிகிரிக்கு மேல் சில நிமிடம் இருந்தால்தான் நன்றாகச் சுருள் அவிழ்ந்து கேசின் உருண்டையில் ஒட்டும். அப்படி ஒட்டினால் வலை இறுகும், தண்ணீர் பிரியாது. ஆகவே பொங்கியதும் அடுப்பைக் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும் யுஎச்டி பால் 135 டிகிரியைப் பார்த்தது. அதை இளஞ்சூடாக்கினாலே போதும். தயிர் கொஞ்சம் இளக்கமாக வரும், இரண்டு கரண்டிப் பால்மாவு கரைத்தால் சரியாகிவிடும்.

உறைமோர் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். அள்ளி ஊற்றினால் அவசரமாகப் புளித்து, வலை கரடுமுரடாகி, தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

அந்த அவசரத்தை வேண்டுமென்றே உச்சத்துக்குக் கொண்டுபோனால் பன்னீர். கொதி அடங்கிய பாலில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றிக் கிளறினால் ஒரு நிமிடத்தில் திரிகிறது. என் வீட்டில் எலுமிச்சைக்குப் பதில் கலமன்சிதான். மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் பொட்டலத்தோடு வரும் அதே குட்டிப் புளிப்புப் பழம். ஒரு லிட்டருக்கு ஏழெட்டுப் பழம் பிழிய வேண்டியிருக்கும். அந்தச் சூட்டில் புரதங்கள் வலை பின்னப் பொறுமையின்றி மோதிக் கட்டியாகி, சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளுகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், சூடு உதவிக்கு வருவதால் பன்னீருக்குத் தயிரைவிடக் குறைந்த புளிப்புப் போதும் என்பதுதான். பிஎச் 5.3 வாக்கிலேயே திரிந்துவிடும். எலுமிச்சை ஊற்றிச் செய்த பன்னீர் இனிப்பாகவும், எதுவும் ஊற்றாத தயிர் புளிப்பாகவும் இருப்பது இதனால்தான். யுஎச்டி பாலில் மட்டும் பன்னீர் முயலாதீர்கள். கேசின் ஏற்கெனவே மற்றப் புரதத்தால் போர்த்தப்பட்டிருப்பதால் இறுகாமல் உதிர்ந்து போகும்.

காசுக் கணக்கு என்று பார்த்தால் பன்னீரில் பெரிய லாபம் இல்லை. ஒரு லிட்டர் பாலுக்கு 200 கிராம் கிடைத்தாலே அதிகம். தேக்கா சந்தையில் வாங்கும் பொட்டலத்தின் விலையும் கிட்டத்தட்ட அந்தப் பாலின் விலைதான். தயிரில் லாபம் உண்டு, ஏனென்றால் ஊற்றிய பால் முழுவதும் தயிராகிறது. அதைவிட லாபம் தொங்கு தயிரில். மெல்லிய பருத்தித் துணியில் தயிரைக் கட்டி வடிதட்டில் வைத்து, குளிர்பதனப் பெட்டிக்குள் ஓர் இரவு விட்டால் பாதிக்கு மேல் தெளிநீர் வடிந்து, ரொட்டியில் தடவும் பதத்தில் மிருதுவான பாலாடைக்கட்டி கிடைக்கும். வெளியே தொங்கவிட வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் வடிய வடியப் புளித்துக்கொண்டேயிருக்கும். உப்பும் நசுக்கிய மிளகும் சேர்த்தால் என் பிள்ளைகள் கடை கிரீம் சீஸைத் தேடுவதில்லை. பன்னீரை மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்; புளிப்புக் குறைவு, ஈரம் அதிகம், கிருமிக்கு வசதி.

வடிந்த தெளிநீரில் சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் சேர்க்கலாம். துணியில் கட்டும் முன் இரண்டு கரண்டித் தயிரை மூடிபோட்ட கிண்ணத்தில் தனியே எடுத்து வைப்பதுதான் முக்கியம். நான் மறந்த நாள்களில் இரவு பத்து மணிக்கு எதிர்வீட்டு அக்காவின் கதவைத் தட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் நான் கிண்ணத்தோடு நிற்பதைப் பார்த்தாலே, கேட்காமலே உள்ளே போய் எடுத்து வருகிறார்.