மூன்று கம்பிகளின் கார்வை: பியானோ ஆல்பம் கேட்கக் கேட்க ஏன் பிடிக்கிறது?

பர்கூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஒரு பாடகியின் முதல் ஆல்பம். பாட்டு, மெட்டு, பியானோ எல்லாம் அவரே. தாளக் கருவி எதுவும் இல்லை. முதல் தடவை கேட்டபோது வெறுமையாக இருந்தது. இப்போது தினமும் கேட்கிறேன். ஆனால் அதே கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) என் கீபோர்டில் வாசித்தால் அந்த உயிர் வரவில்லையே, ஏன்?"

பியானோவில் ஒரு ஸ்வரம் எப்படி அடங்குகிறது என்பதில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

தெரிந்த பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். கட்டையை அழுத்தினால் அது சுமார் 10 மி.மீ. இறங்கும். ஃபெல்ட் போர்த்திய சுத்தியல் எழும். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, தானாகப் பறந்து அடித்துத் திரும்பும். இந்த ஏற்பாட்டை 1700 வாக்கில் இத்தாலியில் உருவாக்கியவர் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி. சுத்தியல் கம்பியைத் தொட்டிருப்பது சில மில்லி விநாடிகள்தான். மெல்லிய கம்பியால் காற்றை அவ்வளவாக அசைக்க முடியாது. அதன் அதிர்வு, கம்பிகளைத் தாங்கும் மரக் கட்டையான 'குதிரை' வழியாக ஒலிப்பலகைக்குப் போய், பலகைதான் அறையை நிரப்புகிறது.

தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியக்காரர் துருத்தியை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஸ்வரம் ஒரே அளவில் நிற்கும். பியானோவில் அடித்த கணத்திலிருந்து ஒலி இறங்குமுகம்தான். அந்த இறக்கம் நடக்கும் விதம்தான் அதிசயம்.

88 கட்டைகளுக்குச் சுமார் 230 கம்பிகள். அடிமட்ட ஸ்வரங்களுக்குத் தாமிரம் சுற்றிய ஒரே கம்பி, அடுத்து இரண்டு, நடுவிலிருந்து மேலே கட்டைக்கு மூன்று. ஒரே சுருதிக்கு எதற்கு மூன்று கம்பிகள்? சத்தம் கூடும் என்பது பாதி விடை. மீதிப் பாதியை மிச்சிகன் பல்கலைக்கழக இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக் 1977இல் தெளிவாக்கினார்.

சுத்தியல் மூன்று கம்பிகளையும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. மூன்றும் சேர்ந்து மேலே போகின்றன, சேர்ந்து கீழே வருகின்றன. குதிரையின் மீது மூன்றின் விசையும் கூடுகிறது; அது நன்றாக அசைகிறது. ஒலி பெரிதாக வெளிவருகிறது, கம்பிகளின் ஆற்றலும் அதே வேகத்தில் தீர்கிறது. ஒலி இப்படியே போனால் சீக்கிரம் செத்துவிட வேண்டும். ஆனால் மூன்று கம்பிகளின் சுருதியும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை, சுத்தியலின் ஃபெல்ட்டும் மூன்றையும் சரிசமமாக அடிப்பதில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடிக்குள் ஒரு கம்பி மேலே போகும்போது இன்னொன்று கீழே போகும் நிலை வருகிறது. ஒரு மேசையை மூன்று பேர் ஒரே பக்கம் தள்ளினால் நகரும், எதிரெதிராகத் தள்ளினால் அப்படியே நிற்கும் அல்லவா? குதிரையும் அப்படித்தான். அது ஏறக்குறைய அசையாமல் நின்றுவிட்டால் கம்பிகளிலிருந்து ஆற்றல் வெளியேற வழி குறுகிவிடுகிறது. மிச்ச ஆற்றல் கம்பிகளுக்குள்ளேயே தங்கி, மெல்லக் கசிகிறது. முதலில் வேகமான சரிவு, பிறகு பல மடங்கு மெதுவாக அடங்கும் நீண்ட ஒலி, அதாவது கார்வை. ஒரே ஸ்வரத்துக்குள் இரண்டு ஸ்வரங்கள்!

தனிக் கம்பியிலும் இதன் சாயல் உண்டு. மேலும் கீழுமான அதிர்வு குதிரையை எளிதில் அசைத்துச் சீக்கிரம் அடங்கும். பக்கவாட்டு அதிர்வு அவ்வளவாக அசைக்காது, அதனால் நீடிக்கும்.

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனரின் கைத்திறன் இங்கேதான் தெரியும். மூன்று கம்பிகளுக்கும் இடையே ஒன்றிரண்டு சென்ட் வித்தியாசம் இருந்தால் கேட்பவர்களுக்குப் பிடிக்கிறது என்று 1959இலேயே ஓர் ஆய்வு காட்டியது. அரை ஸ்வர இடைவெளியின் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். நடு சி ஸ்வரத்தில் 2 சென்ட் என்பது ஏறக்குறைய 0.3 ஹெர்ட்ஸ். 10 சென்ட் ஆகிவிட்டால் சத்தம் விநாடிக்கு ஒன்றரை முறை ஏறி இறங்குவது கேட்கும். பியானோ அழுகிற மாதிரி இருக்கும்.

கிராண்ட் பியானோவின் இடது பெடல் இதையே இன்னும் அழகாகச் செய்கிறது. அதை மிதித்தால் சுத்தியல் வரிசை முழுவதும் சற்று நகர்ந்து, மூன்றில் இரண்டு கம்பிகளை மட்டும் அடிக்கும். அடிபடாத மூன்றாவது கம்பி குதிரை வழியாக ஆற்றலை வாங்கிக்கொண்டு எதிர்த் திசையில் ஆடத் தொடங்கும். கார்வை முன்னதாகவே வந்துவிடும். மென்மையான பாடல்களில் ஒலி குறைவதோடு நிறமும் மாறுவது இதனால்தான். நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவில் இடது பெடல் சுத்தியல்களைக் கம்பிக்கு அருகே கொண்டுவருவதோடு சரி. இந்த மாயம் அங்கே கிடையாது.

இனி ஆல்பத்துக்கு வருவோம். டிரம்ஸும் பேஸும் இருந்தால் இந்த மெல்லிய கார்வையை அவை மூடிவிடும். பியானோவும் குரலும் மட்டும் என்றால் இரண்டு வரிகளுக்கு இடையே அது அப்படியே வெளியே தெரியும். முதல் தடவை நாம் பாடல் வரியையும் மெட்டையும் பின்தொடர்கிறோம். இடைவெளிகள் காலியாகத் தோன்றுகின்றன. மெட்டு பழகியதும் காது அந்த இடைவெளிகளுக்குள் போகிறது. மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவது பிடித்துப்போகும் என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் சோதனைகளில் காட்டினார். ஆனால் கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் இருக்கும் ஒலிதான் நீண்ட நாள் தாங்கும் என்பது என் கருத்து.

பாடிக்கொண்டே வாசித்துப் பதிவு செய்திருந்தால் இன்னொன்றும் சேரும். வலது பெடல் எல்லாக் கம்பிகளின் டேம்பர்களையும், அதாவது அதிர்வை அடக்கும் ஃபெல்ட் கட்டைகளையும், தூக்கிவிடுகிறது. அப்போது மூடியைத் திறந்து, கம்பிகளை நோக்கி 'ஆ' என்று இரண்டு விநாடி உரக்கப் பாடி நிறுத்துங்கள். பியானோ 'ஆ' என்று திருப்பிச் சொல்லும். 'ஈ' பாடினால் 'ஈ'. குரலில் அடிப்படைச் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு மேல்சுரமும் தனக்கு இணையான கம்பியை எழுப்புகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விவரித்த சோதனை இது. விலை குறைந்த கீபோர்டு பதிவு செய்த ஒலியின் ஒரு துண்டைச் சுழற்றிச் சுழற்றி வாசித்து, சத்தத்தை மட்டும் குறைக்கிறது. அங்கே கம்பிகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

சர் சி. வி. ராமன் பியானோ சுத்தியல் கம்பியில் மோதும் விதத்தை ஆராய்ந்து, பி. பானர்ஜியுடன் சேர்ந்து 1920இல் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். அந்த மரபில் வந்த நம் நாட்டில், கல்லூரி ஆய்வகத்து ஒலியியல், ஒரு கம்பியை இழுத்துக் கட்டிய பெட்டியான சோனோமீட்டரோடு நின்றுவிடுவது வருத்தம் தருகிறது. நல்ல மைக்கும் ஒரு கணினியும் போதும். இதற்குப் பணம் ஒதுக்காததற்குச் சாக்கே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் '432 ஹெர்ட்ஸ் நோய் தீர்க்கும்' போன்ற கதைகள் வளர்கின்றன. நடு சி-க்கு மேலுள்ள ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பது 1939இல் லண்டனில் கூடி எடுத்த உடன்பாடு. 432 அதைவிட 32 சென்ட் தாழ்வு, அவ்வளவுதான். ஒவ்வொரு பாடகரும் தன் குரலுக்கேற்ற கட்டையில் சுருதி வைத்துப் பாடும் நம் மண்ணில் இந்த எண்ணை நம்புவதற்கு இடமே இருக்கக் கூடாது.

சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, நடு சி கட்டையைப் பலமாக அடித்து, விரலை எடுக்காமல் 15 விநாடி பதிவு செய்யுங்கள். ஃபோனின் இரைச்சல் நீக்கும் வசதியையும் தானியங்கி ஒலியளவையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்வையை அவை வெட்டிவிடும் அல்லது உயர்த்திவிடும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் அலைவடிவத்தை டெசிபல் அளவுகோலில் பார்த்தால் சரிவுக் கோடு ஓரிடத்தில் முறிந்து, அதன்பின் சாய்வு குறைந்து போகும். மூன்றில் இரண்டு கம்பிகளை ஃபெல்ட் பட்டையால் அடைத்து மறுபடி அடித்தால் முறிவு மங்கும்.

முறிவுக்குப் பதில் கோடு அலையலையாக வந்தால் கம்பிகளின் சுருதி பிசகியிருக்கிறது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒலிப்பலகை ஈரம் வாங்கி உப்பும். கம்பிகளின் இழுவிசை கூடி நடுப்பகுதிச் சுருதி ஏறும். மாசி, பங்குனி வறட்சியில் இறங்கும். மூன்று கம்பிகளும் ஒரே அளவில் மாறுவதில்லை என்பதுதான் சிக்கல். அதனால் கிருஷ்ணகிரி, தருமபுரியில் பியானோ வைத்திருப்பவர்கள் மழைக்கு நடுவில் ட்யூன் செய்ய வேண்டாம். தை மாதத்தில் ஈரம் நிலைப்பட்ட பிறகு ட்யூனரை அழையுங்கள்.