குதிகால் நாணுக்கு வயது என்ன?

நாமக்கல் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். 40 ஆண்டுகளாக நெடுந்தூரம் ஓடுபவர். ஓய்வுபெற்ற பிறகும் விடிவதற்குள் பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறார். ‘எழுந்ததும் முதல் பத்து அடிக்குக் குதிகாலுக்கு மேலே நரம்பு விறைத்துக்கொள்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கும் என் வயதில் இதே வலி வர நானே வழிசெய்கிறேனா?’ என்று கேட்கிறார்.

முதலில், அது நரம்பு அல்ல. இழுத்தால் விறைக்கும் எல்லாவற்றையும் நாம் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவினால் சரியாகும் என்று என் பாட்டி ஒருமுறை என் காலை ஓர் அம்மாளிடம் ஒப்படைத்தாள். மறுநாள் செருப்பே நுழையவில்லை. வாசகருக்கு வலிப்பது தசைநாண், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும், கொலாஜன் என்ற புரதத்தாலான கயிறு. வில்லில் ஆற்றல் தண்டில் இருக்கும். இங்கே நாணிலேயே இருக்கிறது. பாதம் தரையில் ஊன்றும்போது நாண் நீள்கிறது, எழும்பும்போது சுருங்குகிறது. வாங்கிய ஆற்றலில் 100க்கு ஏறக்குறைய 93 பங்கைத் திருப்பித் தந்துவிடுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் ஓரளவு வேகமாக ஓடினால், ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் சுமார் 35 ஜூல் ஆற்றல் அதில் சேர்கிறது. குந்தி மூன்று விநாடி நின்றுவிட்டு ஒருமுறை குதியுங்கள். பிறகு குந்திய வேகத்திலேயே குதியுங்கள். இரண்டாவது குதிப்பு உயரமாக இருப்பதில் நாணுக்கும் பங்குண்டு.

இனி எனக்குப் பிடித்த பகுதி. இந்த நாணுக்கு வயது என்ன? தோல் உதிர்கிறது, ரத்தம் புதிதாகிறது. நாண்?

விடை வந்தது அணுகுண்டிலிருந்து. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் குண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு 1963 வாக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அந்த ஆண்டே தடை ஒப்பந்தம் வந்தது. பிறகு கடலும் காடும் அதை உறிஞ்ச, அளவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. அந்தக் காற்றைக் குடித்துத்தான் பயிர் வளர்ந்தது. பயிரை மாடு தின்றது, இரண்டையும் மனிதன் தின்றான். ஆகவே உடலில் ஒரு திசு உருவாகும்போது அந்த ஆண்டின் கார்பன்-14 அளவு அதில் பதிந்துவிடுகிறது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள் என்பதால் ஒருவர் வாழ்நாளுக்குள் முத்திரை அழியாது. திசு புதுப்பிக்கப்பட்டால் மட்டுமே மாறும்.

டென்மார்க் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் குதிகால் நாணை எடுத்து இந்த முத்திரையைப் படித்து 2013இல் வெளியிட்டார்கள். தசையில் அண்மைக் கால முத்திரை இருந்தது. நாணின் உட்பகுதியிலோ அவரவர் வளர்ந்த காலத்து முத்திரை அப்படியே இருந்தது. ஏறக்குறைய 17 வயதுக்குள் கட்டி முடிக்கப்பட்ட கயிறு, அதன்பின் கிட்டத்தட்ட மாற்றப்படுவதே இல்லை! ‘நாணுக்கு வயது என்ன?’ என்று நம் ஊர்க் குழு ஒன்றிடம் நிதி கேட்டால், இதனால் என்ன பயன் என்றுதான் முதல் கேள்வி வரும் என்று நினைக்கிறேன்.

பயன் நம் வாசகரின் மைதானத்தில் இருக்கிறது. ஓட்டக்காரர்களின் நாண் மற்றவர்களுடையதைவிடத் தடித்திருப்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். அதில் பெரும்பங்கு வளரும் வயதிலேயே அமைந்திருக்கலாம். ஆகவே அவர் பிள்ளைகளை ஓடவைப்பது கெடுதல் அல்ல. தூரத்தை ஒரேயடியாகக் கூட்டுவதுதான் கெடுதல். 8 வயதிலிருந்து 14 வயது வரை குதிகால் எலும்பின் வளர்தட்டு, அதாவது எலும்பு வளரும் இடம், இன்னும் குருத்தாகவே இருக்கும். நாண் அளவுக்கு மீறி இழுத்தால் அது புண்ணாகலாம். குதிகால் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்று விரட்டக் கூடாது.

வாசகரின் கால் பற்றி: மருத்துவர் பார்த்து நாண்தான் என்று உறுதிசெய்தால், படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி இருக்கிறது. ஒரு வேளைக்கு 15 இறக்கமாக மூன்று சுற்று, முதலில் முழங்காலை நீட்டி, அடுத்து அதே அளவு மடக்கி. காலையும் மாலையும், 12 வாரம். கயிறு பழையது என்பதால் ஓட முடியாது என்றில்லை. கனடாவின் ஓட்டக்காரர் எட் விட்லாக் 2004இல், தம் 73ஆம் வயதில், 42 கிலோமீட்டர் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தார். பிறந்தது 1931; கணக்குப்படி அவர் நாணின் உட்பகுதி, குண்டுச் சோதனைகள் காற்றை மாற்றும் முன்பே முறுக்கி முடிந்திருக்கும்.