ஓவர்லோடு கேஸ் டிரைவரோடு முடிந்துவிடாது: லாரி ஓனர்களுக்கு ஒரு விளக்கம்

வண்டி ஓவர்லோடில் பிடிபட்டால் அது டிரைவர் பாடு, நாம் அபராதத்தைக் கட்டி வண்டியை எடுத்தால் போதும் என்று நினைக்கிற ஓனர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 194ஆம் பிரிவு ஓட்டியவரோடு சேர்த்து, ஓட்ட வைத்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் பிடிக்கிறது. 113ஆம் பிரிவு அதற்கும் ஒரு படி மேலே போய், ஓட்டியவர் ஓனர் இல்லை என்றால் அது ஓனருக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் நடந்தது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதாவது "எனக்குத் தெரியாமல் ஏற்றிவிட்டான்" என்றால், அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்தான் வந்து விழும்.

சரி, அபராதம் எவ்வளவு? 2019இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து அடிப்படைத் தொகையே 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) மொத்த எடை 28 டன் என்று இருக்கிற வண்டி எடை மேடையில் 34 காட்டினால், 6 டன் கூடுதல், ஆக 32,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரக் கூடாது, இறக்குகிற கூலியும் நம்முடையதுதான், நடு வழியில் இறக்கிய மூட்டைக்குக் காவல் யார் என்பது தனிக் கதை. அந்த 6 டன்னுக்கு டன்னுக்கு 1,500 வாடகை என்று வைத்துக்கொண்டாலும் கையில் வந்தது 9,000. பத்து டிரிப்பில் ஒன்றுதானே மாட்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள் டயரையும் ஸ்பிரிங் பட்டையையும் பிரேக் லைனிங்கையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வண்டியை நிறுத்தாமலோ எடை போட மறுத்தோ போனால் அபராதம் 40,000. முன்னே, பின்னே, பக்கவாட்டில் அல்லது உயரத்தில் சரக்கு அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், எடை சரியாக இருந்தாலும் 20,000. கம்பி ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவில் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அந்தக் கம்பி முனை தெரியவே தெரியாது.

பலர் குழம்புகிற இடம் எடைக் கணக்கு. ஆர்.சி. புக்கில் இரண்டு எடை இருக்கும்: வெற்று எடை, சரக்கோடு சேர்ந்த மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் ஏற்றக்கூடியது, அதிலும் டீசல், ஆட்கள், தார்ப்பாய், கயிறு எல்லாம் அடக்கம். பாடி கட்டும்போது இரும்பை அள்ளிப் போட்டு, பிறகு டூல் பாக்ஸ், கேரியர் என்று சேர்த்துக்கொண்டே போனால் வெற்று எடையே ஆர்.சி.யில் உள்ளதைத் தாண்டிவிடும். சட்டப்படி அதுவே ஒரு குற்றம், வண்டி காலியாகப் போனாலும்கூட. 2018 ஜூலையில் மத்திய அரசு அனுமதி எடையை உயர்த்தியது, இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) வண்டிக்கு 16.2 டன்னிலிருந்து 18.5, டிரெய்லருக்கு உச்சவரம்பு 49லிருந்து 55 என்று. ஆனால் உங்கள் வண்டிக்கு உங்கள் ஆர்.சி.யில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு, பக்கத்து வண்டிக்காரர் புது மாடலில் ஏற்றுவதைப் பார்த்து நாமும் ஏற்ற முடியாது.

டிரைவருக்கு வரும் அடி வேறு மாதிரி. சாலைப் பாதுகாப்புக்கான உச்சநீதிமன்றக் குழு 2015இல் மாநிலங்களுக்குச் சொன்ன பட்டியலில் ஓவர்லோடும் இருக்கிறது, குறைந்தது 3 மாதம் லைசென்ஸ் நிறுத்தம். ஓனர் சொன்ன லோடுக்கு டிரைவர் மூன்று மாதம் வீட்டில் உட்காருவது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் நடைமுறை அதுதான். அதற்கும் மேலே உயிர்ப் பிரச்சினை. தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அளவுக்கு மேல் ஏற்றிய வண்டியை டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால், எஞ்சின் பிடிப்பு போய் முழுப் பாரமும் பிரேக் மேலேயே விழும், லைனிங் சூடேறிய பிறகு எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் நிற்காது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது டிரைவரின் வேலை நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்ட அளவு. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்த பிறகும் அந்த 8 மணி மாறவில்லை. நெடுந்தூர லைனில் இதை எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். இரண்டு டிரைவர் போடுங்கள், அல்லது சரக்குக்காரரிடம் ஒரு நாள் கூடக் கேளுங்கள், வேறு வழியில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் ஆனதும் இந்தக் களைப்பை மனதில் வைத்துத்தான்.

செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. லோடு ஏறியதும் ஊரைத் தாண்டுவதற்கு முன்பே அருகிலுள்ள எடை மேடையில் ஏற்றி, ரசீதை டிரிப் ஷீட்டோடு வையுங்கள், ஒரு போட்டோ உங்கள் போனுக்கும் வரட்டும். கூடுதலாக இருந்தால் ஏற்றிய இடத்திலேயே இறக்கலாம், லோடுமேன்கள் அங்கேதான் இருப்பார்கள். லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபிஸ்காரர் முகம் சுளித்தால் 194ஆம் பிரிவைச் சொல்லுங்கள், "ஓட்ட வைத்தவர்" என்ற சொல்லில் அவரும் வரக்கூடும்.