மேசைமேல் நடக்கும் சண்டை அலுத்துப்போவது ஏன்?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டுகளில், பெரும்பாலும் சண்டைக்குத்தான் விதிகளும் அதிகம், நேரமும் அதிகம். ஆனாலும் மூன்றாவது சுற்றில் யாராவது ஒருவர் கைப்பேசியை எடுத்துவிடுகிறார். "என் முறையா? அடிக்கிறேன்" என்று பகடையை உருட்டிவிட்டு மறுபடியும் திரையில் மூழ்குகிறார். எதிரில் நிற்பதோ நெருப்பு உமிழும் டிராகன். உயிர் போகிற காரியம் இப்படிச் சப்பென்று ஆவதற்குக் கணிதத்தில் காரணம் இருக்கிறது.

பரபரப்பைப் பகடை பார்த்துக்கொள்ளும் என்று பலரும் நம்புகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீரனின் வாள் 60% தடவை இலக்கைத் தொடும். தொட்டால் எட்டு முகப் பகடையில் விழுந்த எண்தான் சேதம். வீச்சுக்குச் சராசரி 2.7 புள்ளி. தனி ஒரு வீச்சைப் பார்த்தால் எதுவும் நடக்கலாம்: திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து முடிவுகள் விலகும் அளவு) சுமார் 2.8, அதாவது சராசரியைவிடவே அதிகம். எதிரிக்கு 54 உயிர்ப்புள்ளிகள், அதாவது 54 புள்ளி சேதத்தில் விழுவான் என்றால் ஏறத்தாழ 20 வீச்சுகள் வேண்டும். இந்த இருபதையும் கூட்டினால் சராசரி 54, திட்டவிலக்கம் 13-ஐத் தொடாது. சராசரியைத் தாண்டி நின்ற ஏற்ற இறக்கம் அதில் கால் பங்குக்கும் கீழே வந்துவிட்டது. நான்கு வீரர்கள் அடித்தால் ஐந்தாம் சுற்றையொட்டி எதிரி விழுவான். பெரும்பாலும் ஒரு சுற்று முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு வீச்சும் நிச்சயமற்றது, மொத்தச் சண்டையோ முன்கூட்டியே தெரிந்தது. உருட்டல்கள் கூடக் கூட அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைகிறது.

இரு தரப்பிலும் பலர் இருந்தால் இன்னொரு விசை சேர்கிறது. இங்கிலாந்துப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் முதல் உலகப்போர்க் காலத்தில் ஒரு சூத்திரம் தந்தார். எல்லோரும் எல்லோரையும் குறிவைக்க முடிகிற போரில், ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. சம திறமையுள்ள 5 பேரும் 4 பேரும் மோதினால், ஐவர் அணியில் ஒருவர்தான் மிஞ்சுவார் என்று தோன்றும். சூத்திரப்படி 25-இல் 16 போக மிச்சம் 9. அதன் வர்க்கமூலம் 3. மூவர் நிற்பார்கள்! நாலுக்கு நாலு என்று தொடங்கிய சண்டையில் ஒரு தரப்பு ஆரம்பத்திலேயே ஓர் ஆளை இழந்தால், அதன் பிறகு தராசு வேகமாகச் சாய்கிறது. இரண்டாம் சுற்றில் தீர்ந்துபோன சண்டையை ஏழாம் சுற்றுவரை உருட்டிக்கொண்டிருப்பது கூட்டல் கழித்தல் வேலை. கைப்பேசியை எடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தனியாக வரும் பெரிய எதிரியின் பாடு வேறு. நால்வர் நான்கு முறை செயல்படும் நேரத்தில் அதற்கு ஒரே முறை. அந்த ஒரு தாக்குதல் தவறினால் அந்தத் தரப்பின் சுற்று முழுவதும் வீண். இவ்வகை விளையாட்டுகளில் புகழ்பெற்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் இதற்கு ஒரு மருந்து கண்டது: புராணப் பெருமை கொண்ட சில எதிரிகள் மற்றவர்களின் முறை முடியும்போதும் கூடுதலாகச் செயல்படலாம். நல்ல மருந்துதான். ஆனால் சண்டையில் வெல்வது யார் என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லையென்றால் நோய் அப்படியே இருக்கும்.

கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். கோட்டை முற்றத்தில் ஆறு காவலர்கள். அவர்களில் ஒருவன் எச்சரிக்கை மணியை நோக்கி ஓடுகிறான். இரண்டு சுற்றில் கயிற்றை எட்டிவிடுவான். மறுபுறம், வீரர்கள் மீட்க வந்த கைதியை மற்ற காவலர்கள் சிலர் படகில் ஏற்றுகிறார்கள். வில்லாளியிடம் ஒரு முறைதான் இருக்கிறது. ஓடுபவனை எய்தால் படகு நகரும். படகை நிறுத்தப் பாய்க்கயிற்றை எய்தால் மணி ஒலிக்கலாம். கண்முன்னால் தோழனை நெருக்கும் காவலனை எய்தால் இரண்டும் கைவிட்டுப் போகலாம். அதே பகடை, அதே சேத விதி. இப்போது மேசையில் எல்லோரும் பேசுகிறார்கள். எந்தத் தேர்வும் மற்றவற்றைவிட வெளிப்படையாகச் சிறந்ததாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. ஆறு காவலர்களையும் வீழ்த்திவிட்டுக் கைதியை இழக்கலாம், அடிபட்டுத் தப்பியோடியும் காரியத்தைச் சாதிக்கலாம்.

பழைய விதிகளில் இந்த விவேகம் வேறு வடிவில் இருந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. ஆனால் மீட்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் அதில் ஓர் அனுபவப் புள்ளி (கதாபாத்திரம் வளர உதவும் மதிப்பெண்) கிடைத்தது. 1981-ஆம் ஆண்டின் அடிப்படை விதிகளில் கோப்ளின் என்ற சாதாரண குட்டி அரக்கனைக் கொன்றால் 5 புள்ளிதான். அது காத்துநின்ற 100 காசுகளைச் சத்தமின்றி எடுத்துவந்தால் 100. புத்தியுள்ளவன் எதற்கு வாளை உருவுவான்? தவிர்க்க முடிந்த சண்டையில் இறங்குவதே ஒரு முடிவாகிறது.

அதே 1981 விதிகள் எதிரிகளுக்கும் உயிர்ப்பயம் தந்தன. முதல் ஆள் சாகும்போதும், கூட்டத்தில் பாதி விழும்போதும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிப் பார்க்கலாம். விழுந்த கூட்டுத்தொகை அந்த எதிரிக்கு விதி தந்த மன உறுதி எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரணாகதி. அந்த எண் 7 என்றால் தாண்டும் வாய்ப்பு 36-இல் 15, அதாவது சுமார் 42%. லான்செஸ்டரின் கணக்கு நம்மை இழுத்துச் செல்லும் அந்த நீண்ட வாலை இது சட்டென்று வெட்டிவிடுகிறது. ஓடியவன் நாளை ஆட்களோடு திரும்பலாம், பிடிபட்டவனிடம் ரகசியம் இருக்கலாம். இவ்வளவு பயனுள்ள விதியைப் பிந்தைய ஆட்டக்காரர்கள் பலர் பொருட்படுத்தாமல் விட்டது எனக்குப் புரியாத புதிர்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை, ஆட்டத்தை நடத்துபவர் வாய்திறக்க வேண்டும். மணி இருப்பதே தெரியாவிட்டால், அது ஒலிப்பது விபத்து மட்டுமே. வீரர்கள் தேர்ந்தெடுத்தது எதுவுமில்லை. "அவன் மணிக்கயிற்றை எட்ட இன்னும் ஒரு சுற்று" என்று உரக்கச் சொல்லிவிடுவது ரகசியத்தை உடைப்பதாகத் தோன்றினாலும், பதற்றம் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு, மணி அடங்கி, படகும் நின்று, இரண்டு காவலர்கள் மட்டும் மிஞ்சினால் பகடையைத் தொட வேண்டாம். அவர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று சொல்லி, கைதியின் கட்டை யார் அவிழ்க்கிறார்கள் என்று கேட்கலாம்.