இரண்டு தாளம் ஒன்றான நாள்

“காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் மின்சாரம் ஒரே அதிர்வெண்ணில் ஓடுவது எப்படி?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதிர்வெண் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைபோல் ஏறி இறங்குகிறது என்ற கணக்கு. நாடெங்கும் அது ஒன்றாக இருப்பது தானாக அமைந்ததில்லை. ஐம்பது ஆண்டு உழைப்பு.

1960களில் மாநில மின்வாரியங்கள் ஐந்து மண்டலங்களாகக் கூடின. ஒருவரிடம் மிஞ்சியதை மற்றவருக்குக் கொடுப்பதுதான் நோக்கம். 1991இல் கிழக்கும் வடகிழக்கும் இணைந்தன. 2003இல் மேற்கு, 2006இல் வடக்கு. தெற்கு மட்டும் தனித்து நின்றது. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் தடம் போன்ற நேர்திசை (DC) மின்தடங்கள் வழியாகவே கொடுக்கல் வாங்கல். ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்சாரத்துக்கு அதிர்வெண் கிடையாது என்பதால் இரு பக்கமும் தத்தம் தாளத்தில் ஓடலாம். 2012 ஜூலை இறுதியில் வடக்கும் கிழக்கும் வடகிழக்கும் இருண்டபோது தெற்கில் விளக்கு எரிந்தது அதனால்தான்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் தெற்கையும் இணைத்தது. என்னை மயக்குவது அந்தக் கணம்தான்.

கோலாட்டமாடும் இரு குழுக்களை ஒன்றாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஒத்திருந்தால் போதாது. கோல் உயரும் நொடியும் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் 50.00 ஹெர்ட்ஸ், மறுபக்கம் 50.02 என்றால், இரண்டு அலைகளின் முகடுகளும் 50 நொடிக்கு ஒருமுறைதான் நேருக்கு நேர் வரும். மின்னழுத்தத்தையும் சரிபார்த்து, அந்த நேரத்தில் சர்க்யூட் பிரேக்கர் எனும் பெரிய சுவிட்சை மூடி இரு பக்கத்தையும் இணைக்க வேண்டும். முகடும் பள்ளமும் எதிர்ப்பட்டபோது மூடினால் பெருமின்னோட்டம் பாய்ந்து கருவிகள் சிதையும். நல்ல நேரம் பார்க்கப் பஞ்சாங்கம் இங்கே உதவாது. இரு அலைகளின் முகடுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற கட்ட வேறுபாட்டைக் காட்டும் முள்தான் உதவும்.

மூடிய பிறகு நடப்பது இன்னும் அழகு. சென்னையில் ஆயிரக்கணக்கான ஏ.சி.க்கள் ஓடத் தொடங்கினால், பஞ்சாபில் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும் அனல்மின் சுழலியும் இம்மியளவு தளர்கிறது. முதல் சில நொடிகளில் அந்தத் தேவையைத் தாங்குவது கூடுதல் நிலக்கரி அல்ல, நாடெங்கும் சுழலும் எஃகின் வேகம். பிறகுதான் நீராவி வால்வுகள் கூடுதலாகத் திறக்கின்றன.

சூரியத் தகடுகளில் அந்தச் சுழலும் எஃகு இல்லை. மின்கலமும் இன்வெர்ட்டரும் அதன் வேலையைச் செய்யக் கற்க வேண்டும். தகடு பதிக்க மானியம் தருவது சரிதான். இந்த ஆய்வுக்கும் நம் பொறியியல் கல்லூரிகளுக்குத் தாராளமாகப் பணம் தர வேண்டும் என்பேன்.