காதில் சீழ் ஏன் நிற்பதில்லை?

"மகனுக்கு ஏழு வயது. மூன்று முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் காதில் சீழ் நிற்கவில்லை. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா?" சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்.

பழகியிருக்கலாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பள்ளியில் படித்ததுதான்: நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் ஒரு குழாய் இணைக்கிறது. பிள்ளைகளுக்கு அது குட்டை, படுத்தவாக்கில் இருக்கும். சளியோடு கிருமி ஏறிவிடும். செவிப்பறை ஓட்டையாகி வாரக்கணக்கில் சீழ் வடிந்தால் அது நாள்பட்ட தொற்று. சூடோமோனாஸ் என்ற கிருமி அதில் அடிக்கடி தென்படும்.

கிருமியைக் கண்டதும் முதலில் ஓடிவருபவை நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள். கிருமியை விழுங்கும், கொல்லும் பொருள்களை உமிழும். மூன்றாவது வழி 2004ல்தான் தெரியவந்தது. அணு தன் டிஎன்ஏவையே அவிழ்த்து வலையாக வெளியே வீசுகிறது! நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும் இழை, மேலெல்லாம் கிருமிகொல்லிப் புரதங்கள். வீசிய அணு பெரும்பாலும் செத்துப்போகும். சீழ் என்று நாம் துடைத்தெறிவதில் செத்த நியூட்ரோபில்கள்தான் ஏராளம்.

சூடோமோனாஸோ கூட்டமாகச் சேர்ந்து கொழகொழவென்று ஒரு படலம் கட்டி அதற்குள் குடியிருக்கும். செத்த நியூட்ரோபில்களின் டிஎன்ஏ இழைகளையும் அந்தப் படலத்துக்குள் சேர்த்துக்கொள்கிறது. நாம் வீசிய வலை அதன் கூரைக்குக் கீற்றாகிவிடுகிறது. உள்ளே பல கிருமிகள் வளராமல் உறங்கிக் கிடப்பதால், வளரும் கிருமியைத் தாக்கும் மருந்து அவற்றை அசைப்பதில்லை. அமெரிக்காவில் செவிப்பறையில் காற்றோட்டக் குழாய் பொருத்த வந்த 26 பிள்ளைகளின் நடுக்காதிலிருந்து எடுத்த 50 திசு மாதிரிகளில் 46ல் கிருமிப் படலம் இருந்ததாக 2006ல் ஓர் ஆய்வு சொன்னது.

ஆகவே முதல் வேலை, காது மூக்கு தொண்டை மருத்துவர் சீழை உறிஞ்சிச் சுத்தம் செய்வது. அப்புறம் சொட்டு மருந்து. 0.3 விழுக்காடு சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு, மாத்திரையால் இரத்தத்தில் சேரும் அளவைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அடர்த்தியோடு காதுக்குள் இறங்கும். ஓட்டை மூடாவிட்டால் அறுவை சிகிச்சை. தலைசுற்றல், முகம் கோணுதல், காதுக்குப் பின்னால் வீக்கம் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம். பாட்டி அன்பாகத்தான் ஊற்றுவார். ஓட்டை வழியே அது நேராக நடுக்காதுக்குப் போகும்.

இத்தகைய கிருமிப் படலங்களை ஆராயவே 2011ல் இங்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஸ்கெல்ஸ் என்ற மையம் தொடங்கினார்கள். உடனே மருந்து தராத ஆராய்ச்சிக்கும் பொறுமையாகப் பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அம்மா, குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு வைத்துக் காதை மூடுங்கள். மருத்துவர் சொல்லும்வரை நீச்சல் வகுப்பு வேண்டாம்.