5 சென்டிமீட்டர் ஓட்டை

நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே, படகின் அடியில் 5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஓர் ஓட்டை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்குச் சுமார் 310 லிட்டர் கடல்நீர் உள்ளே பாயும். பத்து நிமிடத்தில் 3 டன்னுக்கு மேல். 10 லிட்டர் வாளியால் ஐந்து நொடிக்கு ஒரு தடவை இறைக்கும் ஆள், இளைப்பாறாமல் இறைத்தாலும், நிமிடத்துக்கு 120 லிட்டர்தான் வெளியேற்றுவார். அந்த வேகத்தில் அரை மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரும்பாடு.

அதே ஓட்டையை உள்ளே இருந்து உள்ளங்கையால் மூடினால் கையை எதிர்த்துத் தள்ளும் விசை எவ்வளவு? ஏறக்குறைய 2 கிலோ எடை. பத்து வயதுப் பிள்ளைகூடத் தாங்கிவிடும் பாரம்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் கடலில் உயிர் பிழைக்கும் வழி இருக்கிறது. உள்ளே வந்த தண்ணீரோடு போராடுவது மிகக் கடினம். தண்ணீர் வரும் வழியோடு போராடுவது அவ்வளவு கடினமில்லை. ஆனால் படகில் கணுக்கால் அளவு தண்ணீரைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை வாளியைத்தான் தேடும். அது இயல்புதான். ஆனாலும் நாலு பேர் இருக்கும் படகில் நாலு பேரும் இறைக்கத் தொடங்கினால், ஓட்டையைத் தேட ஆளே இருக்காது.

தண்ணீர் பாயும் வேகத்துக்கான கணக்கை இத்தாலியரான டாரிசெல்லி 1644-இல் வெளியிட்டார். ஒரு துளை வழியாக நீர் பாயும் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 4.4 மீட்டர். துளையின் விளிம்பில் தண்ணீர் நெருங்கிச் சுருங்குவதால் உண்மையில் உள்ளே வரும் அளவு, துளையின் பரப்பை வைத்துப் போடும் கணக்கில் ஏறக்குறைய 60 சதவீதம். மேலே சொன்ன 310 லிட்டர் இப்படி வந்ததுதான்.

ஆழம் வர்க்கமூலமாகக் கணக்கில் வருகிறது. ஓட்டையின் விட்டமோ வர்க்கமாக வருகிறது. ஓட்டை இருக்கும் ஆழத்தை 1 மீட்டரிலிருந்து கால் மீட்டராகக் குறைத்தால் வரத்து பாதியாகும். விட்டத்தைப் பாதியாக்கினால் வரத்து நாலில் ஒரு பங்காகிவிடும், அதாவது நிமிடத்துக்கு 78 லிட்டர். ஒற்றை ஆள் வாளியோடு சமாளிக்கும் அளவு அது. ஆக, ஓட்டையை முழுமையாக அடைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கைலியைச் சுருட்டித் திணித்து முக்கால்வாசி அடைத்தாலே, தோற்கிற போராட்டம் ஜெயிக்கிற போராட்டமாக மாறிவிடுகிறது.

சரி, ஓட்டை எங்கே இருக்கும்? பாறையில் மோதி உடைவது ஒரு வகை. ஆனால் விசைப்படகுகளில் தண்ணீர் ஏறுவதற்கு மோதலே தேவையில்லை. புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்த இடத்தில் கிரீஸ் தோய்ந்த பேக்கிங் கயிற்றைச் சுற்றி கிளாண்ட் என்ற இறுக்கும் வளையம் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஷாஃப்ட் சுழலும்போது அங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிவது வழக்கம். அந்த ஈரம்தான் சூட்டைத் தணிக்கிறது. பேக்கிங் தேய்ந்துவிட்டால் சொட்டு தாரையாகிவிடும். அடுத்தது, எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் ரப்பர் குழாய். அதன் கிளிப் துருப்பிடித்துக் கழன்றால், படகின் அடியில் இருக்கும் துளை அப்படியே திறந்து நிற்கும். அங்கே வால்வு இருந்து, அது துருவேறி இறுகாமலும் இருந்தால், ஒரு திருகில் விஷயம் முடிந்துவிடும். மாதம் ஒருமுறை அந்த வால்வைத் திறந்து மூடிப் பழக்குவது, படகில் செய்யும் எந்தப் பராமரிப்பையும்விட மலிவானது.

மரப்படகுக்கு இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் படகைக் கரையேற்றி, பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி திணித்துக் கலப்பற்று வேலை பார்ப்பார்கள். வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். மறுபடி தண்ணீரில் இறக்கியதும் இடுக்குகள் வழியே கசியும். மரம் நீரைக் குடித்து ஊதினதும் இடுக்குகள் தானாக நெருங்கிக்கொள்ளும். அதற்கு நேரம் கொடுக்காமல் இறக்கிய கையோடு ஆழ்கடலுக்கு ஓடுவது ஆபத்து. கப்பல் புழு குடைந்த பலகை வேறு விஷயம். மேற்பரப்பில் ஊசிமுனை அளவு துளைகள் மட்டும் தெரியும், உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும். அது ஊதி அடையாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தண்ணீரே ஓரளவு காட்டிக்கொடுக்கும். விசைப்படகின் மீன் அறையில் ஐஸ் உருகிய நீர் எப்போதும் கொஞ்சம் கிடக்கும். அதனாலேயே கசிவு நெடுநேரம் கண்ணில் படாமல் போகிறது. ஐஸ் நீர் சில்லென்று இருக்கும், மீன் வழவழப்பு இருக்கும். வெதுவெதுப்பாக வந்தால் எஞ்சினைச் சுற்றி வெளியேறும் குழாயில் ஓட்டை. கடலின் சூட்டிலேயே, நல்ல உப்போடு, தெளிவாக ஏறிக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து நேராக வருகிறது என்று பொருள்.

அடைக்கும் வேலையில் இயற்பியல் ஒரு நல்ல உதவி செய்கிறது. வெளியிலிருந்து மூடினால் கடலின் அழுத்தமே துணியை ஓட்டையோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கும். உள்ளிருந்து அடைத்தால் அதே அழுத்தம் அடைப்பைப் பிதுக்கித் தள்ளப் பார்க்கும். இதற்கு வரலாற்றில் பேர்பெற்ற சாட்சி ஒன்று உண்டு. 1770 ஜூன் 11 இரவு, ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஏறி மாட்டிக்கொண்டது. பீரங்கிகள் உட்பட நாற்பது ஐம்பது டன் பாரத்தைக் கடலில் எறிந்து, மறுநாள் இரவு கடல்மட்டம் ஏறும் ஓதத்தில் கப்பலை மிதக்கவிட்டார்கள். அதன்பின் மாங்க்ஹவுஸ் என்ற இளம் மாலுமியின் யோசனைப்படி, பழைய பாய் ஒன்றில் கயிற்று நாரையும் கம்பளி மயிரையும் அள்ளி ஒட்டி, கயிறு கட்டிக் கப்பலின் அடியில் இழுத்து ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். தண்ணீரோடு சேர்ந்து நாரும் உள்ளே இழுபட்டு இடுக்குகளை அடைத்தது. பல பம்புகள் திணறிய இடத்தில், அதற்கப்புறம் ஒரே பம்பு போதுமானதாக இருந்தது. கரையேற்றிப் பார்த்தபோது, பெரிய ஓட்டை ஒன்றில் பவளத் துண்டே உடைந்து சிக்கி, பாதி அடைப்பாக நின்றிருந்தது தெரிந்தது.

இன்றைய படகில் பாய்க்குப் பதிலாகத் தார்ப்பாலின் இருக்கிறது. நாலு மூலையிலும் கயிறு கட்டி, அணியத்தின் (படகின் முன்முனை) கீழாக விட்டு இரண்டு பக்கமும் இழுத்துப் பின்னால் கொண்டுவந்தால் அதே வேலையைச் செய்யும். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் இரண்டாவது விபத்தாகிவிடும். உள்ளிருந்து அடைப்பதானால், வட்டமான துளைக்கு மென்மரத்தில் செதுக்கிய கூம்பு ஆப்பு மிகச் சிறந்தது, ஏனென்றால் அது நனைந்து ஊதி இன்னும் இறுகும். நீளமான விரிசலுக்கு ஆப்பு கூடாது. முக்கியமாக ஃபைபர் படகில் ஆப்பை அடித்து ஏற்றினால் விரிசல் இன்னும் ஓடும். அங்கே மடித்த துணியோ ரப்பரோ வைத்து, மேலே தட்டையான பலகையை அழுத்தி, ஒரு கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும்.

ஓட்டை பக்கவாட்டில் இருந்தால், ஐஸ் பெட்டி, வலை, ஆட்கள் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி ஓட்டையை மேலே தூக்கலாம். முன்பகுதி உடைந்திருந்தால், கரையை நோக்கி முழு வேகத்தில் ஓடத் தோன்றும். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே எதிர்நீரின் மோதல், ஓட்டையை இன்னும் 32 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்ததற்குச் சமம். முதலில் வேகத்தைக் குறைத்து, பாரத்தைப் பின்னால் தள்ளி, அடைத்துவிட்டு அப்புறம் ஓட வேண்டும்.

பம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு படகுகளில் வைக்கும் மின்பம்பு ஒன்றில் மணிக்கு 2,000 லிட்டர் என்று எழுதியிருந்தால், அது நிமிடத்துக்கு 33 லிட்டர்தான். அதுவும் குழாய் மேலே ஏற வேண்டியிருந்தாலோ பேட்டரி தளர்ந்திருந்தாலோ வெகுவாகக் குறையும். நாம் பேசிய ஓட்டைக்கு முன்னால் அந்தப் பம்பு ஒன்றுமேயில்லை. பேட்டரியை அடியில் வைத்திருந்தால் முதலில் மூழ்குவதும் அதுதான். பம்பும் வாக்கி டாக்கியும் ஒன்றாக நின்றுவிடும். பெரிய படகில் வேறொரு வழி உண்டு. எஞ்சின் குளிர்விப்புக்கான கடல்நீர் வால்வை மூடிவிட்டு, உறிஞ்சும் குழாயைப் படகுக்குள் தேங்கிய நீரில் போடுவது. எஞ்சினே தண்ணீரை இறைக்கும். குழாய் முனையில் வலைத்துணி கட்ட வேண்டும், ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மீன் செதிள் அடைத்தாலும், தண்ணீர் தீர்ந்தாலும் எஞ்சின் சூடேறிப் போய்விடும்.

பல படகுகள் நேராகக் கீழே போய் மூழ்குவதில்லை. அதற்கு முன்பே கவிழ்ந்துவிடுகின்றன. அகலமான தாம்பாளத்தில் தண்ணீரை ஏந்தி நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்: லேசாகச் சாய்ந்தாலே தண்ணீர் முழுவதும் சாய்ந்த பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். படகிலும் இதேதான். இந்தத் தள்ளாட்டம் தண்ணீரின் ஆழத்தைவிட அது பரவும் அகலத்தைப் பொறுத்தது, அதுவும் அகலத்தின் மூன்றாம் அடுக்காக. அகலம் இரண்டு மடங்கானால் விளைவு எட்டு மடங்கு. ஆகவே, தளம் முழுக்கப் பரவிய அரையடித் தண்ணீர், ஒரு சின்ன அறையில் நிரம்பி நிற்கும் தண்ணீரைவிடப் பயங்கரமானது. நீளவாக்கில் ஒரு தடுப்பு இருந்தால் விளைவு நாலில் ஒன்றாகக் குறையும். படகு சாய்ந்து மெதுவாகத் திரும்ப நிமிர்கிறது என்றால், அது கவிழும் அறிகுறி. அந்த நேரத்தில் யாரும் ஒரே பக்கமாக ஓடக் கூடாது.

தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது சரிவராது. ஒரு குச்சியில் கீறல் போட்டு, ஒரே இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். எண்டெவரில் அளவெடுத்தவர் மாறியபோது, புதியவர் வேறு இடத்திலிருந்து அளந்துவிட்டார். தண்ணீர் ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்ட திடீரென ஏறிவிட்டது போலத் தெரிந்து எல்லோரும் கலங்கிப் போனார்கள். தவறு தெரிந்ததும் வந்த தெம்பில் இரண்டு மடங்கு வேகத்தில் பம்படித்தார்கள் என்று குக் எழுதி வைத்திருக்கிறார்.

இதெல்லாம் ஒருபுறம் நடக்கும்போதே ஒருவர் உதவி கேட்டாக வேண்டும். எல்லாம் கைமீறியபின் கேட்கலாம் என்று காத்திருந்தால், கேட்பதற்கான கருவி தண்ணீரில் இருக்கும். விஎச்எஃப் வானொலியில் 16-ஆவது சேனலில் மூன்று முறை ‘மேடே’ என்று சொல்லி, படகின் பெயர், ஜிபிஎஸ் காட்டும் இடம், எத்தனை பேர், என்ன ஆபத்து என்று சொல்ல வேண்டும். செல்போன் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் போலீசுக்கு 1093. சிக்னல் இல்லாத ஆழ்கடலுக்கு இஸ்ரோ உருவாக்கிய டாட் கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக இடமும் ஆபத்தின் வகையும் மீட்பு மையத்துக்குப் போகும். 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வரும். அந்தப் பதில் ஒன்றே மனத்துக்குப் பெரிய பலம். உயிர்காப்பு அங்கியை இதற்கெல்லாம் முன்பே எல்லோரும் போட்டிருக்க வேண்டும்; தண்ணீரில் விழுந்தபின் அதை மாட்டுவது மிகச் சிரமம்.

கட்டுமரத்துக்கு இந்தக் கவலை எதுவுமே கிடையாது. அதற்குள் தண்ணீர் புகக் குழிவே இல்லை. மிதப்பு முழுவதும் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. அலை மேலே ஏறி வழிந்து போய்விடும். ஃபைபர் அப்படியல்ல, அது தண்ணீரைவிடக் கனமானது. இருக்கைக்கு அடியிலும் அணியத்திலும் அடைத்த ஃபோம்தான் அதை மிதக்க வைக்கிறது. ஒரு கன மீட்டர் ஃபோம் கடல்நீரில் ஏறத்தாழ ஒரு டன் பாரத்தைத் தாங்கும். ஆனால் மேற்பூச்சு வெடித்து, ஃபோம் ஆண்டுக்கணக்கில் ஈரம் குடித்திருந்தால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். தட்டிப் பார்த்து, ஈரமிருந்தால் அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். தடைக்காலத்தில் பெயின்ட்டுக்கு முன்னால் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பேன்.

ஃபோம் சரியாக இருந்தால், நிரம்பிய படகும் கவிழ்ந்த படகும் விளிம்பளவில் மிதந்துகொண்டுதான் இருக்கும். கரை கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அதை விட்டு நீந்தக் கூடாது. கடலில் தூரம் ஏமாற்றும், நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். தேடிவரும் விமானத்துக்கும் கப்பலுக்கும் தண்ணீரில் ஒரு தலை தெரிவது மிக அரிது. படகின் வயிறு தெரியும். எல்லோரும் ஒரே கயிற்றில் தங்களைப் படகோடு பிணைத்துக்கொண்டு, குடிநீர்க் கேனையும் அதிலேயே கட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும்.